தேள் கொட்டியது ஓரிடம்

சேலத்தில் நான் வேலை பார்ப்பது திசுப் பரிசோதனை லேப். ஆபரேஷன் தியேட்டரில் வெட்டியெடுத்தது எதுவானாலும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறியபடி எங்களிடம் வந்து சேரும். கர்ப்பப்பைக்கு வாளி வேண்டும். குடல்வாலுக்கு ஒரு மருந்து டப்பா போதும். சில சமயம் டப்பாவைச் சாய்த்து அடியில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்குச் சின்னதாக வருவது நிணநீர் முடிச்சு. அவரைக்கொட்டை வடிவம், பழுப்பேறிய சாம்பல் நிறம். கூட வரும் படிவத்தில் ‘கழுத்து, இடது பக்கம்’ என்றோ ‘அக்குள்’ என்றோ ‘தொடையிடுக்கு’ என்றோ ஒரு வரி இருக்கும். எங்கள் பேத்தாலஜி டாக்டர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கு முன்னால் அந்த வரியைத்தான் படிப்பார். அது காலியாக இருந்தால் அன்றைக்குப் போன் போட்டுத் திட்டு விழும். விழுவது பெரும்பாலும் எனக்கு.

நம் உடம்பில் இந்த முடிச்சுகள் சுமார் 600 இருக்கின்றன. மண்ணீரல், டான்சில், சிறுகுடல் சுவரில் இருக்கும் பேயர் திட்டுகள், குடல்வால் ஆகியவற்றை இவற்றோடு சேர்த்துப் புறநிலை நிணநீர் உறுப்புகள் என்பார்கள். எலும்பு மஜ்ஜையும் தைமஸும் முதல்நிலை உறுப்புகள். லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் பிறந்து பக்குவப்படுவது அங்கே. வேலைக்கு வருவது புறநிலை உறுப்புகளில். பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் எடுத்தவர்கள் படம் வரைந்து பாகம் குறித்த ஞாபகத்தில் இருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறக்கிற பாடம் அது. படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் இருக்கும், அந்தப் பாகம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

‘தேள் கொட்டியது ஓரிடம், நெறி கட்டியது ஓரிடம்’ என்று சம்பந்தமில்லாமல் பேசுகிறவர்களைச் சொல்வோம். ஏற்காட்டுக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக் காலத்தை ஓட்டிய என் ஆயாவுக்கு அதில் சம்பந்தமில்லாதது எதுவும் தெரிந்ததில்லை. லீவுக்கு மலைக்குப் போனால் நாங்கள் செருப்பில்லாமல்தான் சுற்றுவோம். “ஆயா, தொடையிடுக்குல நெறி கட்டிருக்கு” என்று முனகினால் அது தொடையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. “காலைக் காட்டு சாமி” என்று பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, விரலிடுக்கை விரித்துப் பார்த்து, சீழ் வைத்த முள்ளைக் கண்டுபிடித்துவிடும். கை விரலில் நகச்சுற்று வந்தால் அக்குளை அமுக்கிப் பார்க்கும். தலையில் பேன் கடித்துப் புண்ணானால் பிடரியைத் தடவும். எந்த நெறி எந்த நிலத்துக்குச் சொந்தம் என்ற வரைபடம் அதன் கைக்குள் இருந்தது.

நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சுதான். அந்த வரைபடம் நிணநீர்க் குழாய்களுடையது. ரத்தக் குழாயிலிருந்து கசிந்து திசுக்களுக்கு நடுவே தேங்கும் நீரில் பெரும்பகுதி அங்கேயே திரும்ப உறிஞ்சப்படும். மிச்சம், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லிட்டர், நிணநீராகத் தனிக் குழாய்களில் ஓடிக் கடைசியில் கழுத்தடியில் இருக்கும் பெரிய சிரைகளில் போய்க் கலக்கிறது. இந்த ஓட்டத்துக்கு இதயம் கிடையாது. குழாயின் சுவர் சுருங்குவதும், நாம் நடக்கையில் தசை அமுக்குவதும்தான் தள்ளுவிசை. பின்னோக்கி வராமல் உள்ளே வால்வுகள். பாம்பு கடித்தவரை நடக்க விடாதே, கடிபட்ட காலை அசைக்காதே என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. விரியன் விஷத்தின் பெரிய புரதங்கள் பல, முதலில் நிணநீர் வழியாகத்தான் பயணப்படுகின்றன. கடித்த இடத்துக்கு மேலே உள்ள நெறி வலியோடு வீங்கினால் விஷம் கிளம்பிவிட்டது என்று டாக்டர்கள் கணக்கிடுவார்கள்.

திரும்பும் வழியில் ஒவ்வொரு குழாயும் ஒரு முடிச்சுக்குள்ளாவது புகுந்து வெளிவர வேண்டும். அது எதற்கு?

எண்ணிக்கையிலிருந்து ஆரம்பித்தால் புரியும். நம் உடம்பில் டி செல், பி செல் என்று இரண்டு முக்கிய வகைகளாக லிம்ஃபோசைட்டுகள் சுமார் ஒரு லட்சம் கோடி. ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஒரே ஒரு வகை அந்நியத் துணுக்கை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியோடு பிறக்கிறது. கிருமி வருவதற்கு முன்பே, எந்தக் கிருமி வரும் என்று தெரியாமலே, கண்டமேனிக்குத் தயாரித்து வைத்த பட்டாளம் அது. அதனால் ஒரு குறிப்பிட்ட கிருமித் துணுக்குக்குப் பொருந்தும் டி செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். கால் விரலில் முள் குத்தி உள்ளே போன பாக்டீரியாவுக்கு உரிய டி செல் அந்த நேரத்தில் காது மடலில் சுற்றிக்கொண்டிருக்கலாம். உடம்பு முழுக்க உள்ள ஒவ்வொரு மூலையிலும் அந்த அபூர்வமான செல் நேரில் போய்த் தேட வேண்டுமென்றால், அது வந்து சேர்வதற்குள் கால் போய்விடும்.

இதற்கு உடம்பு கண்டுபிடித்த வழி நம் வாரச்சந்தைதான். மலைக்கிராமத்தில் மிளகு வைத்திருப்பவன் வீடு வீடாகப் போய் வாங்குகிறவனைத் தேடுவதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறான், வியாபாரியும் ஊர் ஊராகச் சந்தை பார்த்து வருகிறான், சந்திப்பு நிச்சயம். முள் குத்திய இடத்தில் காவலுக்கு இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியை விழுங்கி, அதன் துணுக்குகளை மேலே ஏந்திக்கொண்டு நிணநீரோடு பக்கத்து முடிச்சுக்கு வருகின்றன. டி செல்களும் பி செல்களும் ரத்தத்திலிருந்து அதே முடிச்சுக்குள் இறங்குகின்றன. அரை நாளோ ஒரு நாளோ சுற்றிப் பார்த்துவிட்டுத் தனக்கானது இல்லையென்றால் வெளிவாசல் வழியே நிணநீரில் கலந்து, மறுபடி ரத்தத்துக்குப் போய், அடுத்த முடிச்சில் இறங்கும். எந்த நேரத்திலும் உடம்பின் லிம்ஃபோசைட்டுகளில் சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் நாம் எண்ணிச் சொல்லும் லிம்ஃபோசைட் கணக்கெல்லாம் ரோட்டில் போகிறவர்களின் கணக்குதான்.

இந்தச் சுற்று 1950கள் வரை யாருக்கும் பிடிபடவில்லை. மார்புக்குள் ஓடும் பெரிய நிணநீர்க் குழாய் தினமும் ஏராளமான லிம்ஃபோசைட்டுகளை ரத்தத்தில் கொட்டுவது தெரிந்திருந்தது. ரத்தத்தில் மொத்தமாக இருப்பதைவிடப் பல மடங்கு அது. அப்படியானால் அத்தனையும் எங்கே போய் மாய்கின்றன? ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் எலிகளின் அந்தக் குழாயில் துளையிட்டு நிணநீரை வெளியே வடித்தார். சில நாளில் வடியும் செல்களின் எண்ணிக்கை சரிந்தது. வடித்த செல்களைத் திரும்ப ரத்தத்தில் ஏற்றினால் சரிவு நின்றது. எதுவும் மாயவில்லை, அதே செல்கள்தான் ரத்தத்திலிருந்து நிணநீருக்குத் திரும்பித் திரும்பி வருகின்றன என்று 1959ல் எழுதினார். எந்த வாசல் வழியாக என்பதை 1964ல் கதிரியக்கக் குறியிட்ட செல்களை வைத்துக் காட்டினார். முடிச்சுக்குள் இருக்கும் ஒருவகைச் சிறு சிரைகள்தான் அந்த வாசல். மற்ற ரத்தக் குழாய்களின் உள்சுவர் செல்கள் தட்டையாகக் கிடக்கும். இவற்றில் உயரமாகப் புடைத்து நிற்கும். லிம்ஃபோசைட் ஒட்டி, உருண்டு, சுவரைத் துளைத்து இறங்குவதற்கான கைப்பிடிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஸ்லைடில் இந்தச் சிரைகளைக் கண்டுபிடிப்பது எனக்கு இன்னும் ஒரு சின்ன சந்தோஷம்.

ஸ்லைடு என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முடிச்சைப் பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, ஹெமடாக்சிலினும் ஈயோசினும் போட்டால் உள்கட்டமைப்பு நீலமும் ரோஜா நிறமுமாக வெளியே வரும். வெளியே மெல்லிய உறை. வளைந்த முதுகுப் பக்கம் பல குழாய்கள் உள்ளே வருகின்றன. குழிந்த பக்கம் ஒரு வாசலில் தமனி நுழைய, சிரையும் நிணநீர்க் குழாயும் வெளியேறுகின்றன. உறைக்கு அடியில் நிணநீர் முதலில் பரவும் ஒரு வெற்றிடம். அங்கே பெருவிழுங்கு செல்கள் காத்திருக்கின்றன. அதற்கு உள்ளே நீல வட்டங்கள்: பி செல்களின் பகுதி. வட்டங்களுக்கு இடையிலும் அடியிலும் டி செல்களின் பகுதி. நடுவில் மெடுல்லா என்ற உட்பகுதி. இந்தப் பிரிவினைக்கு மதில் எதுவும் இல்லை. அந்தந்தப் பகுதியில் சுரக்கும் வேதிச் சைகைகளை மோந்துகொண்டு செல்கள் தாமாகவே அங்கங்கே ஒதுங்குகின்றன. டென்ட்ரைட்டிக் செல்லும் டி செல்லும் ஒரே சைகைக்குக் கட்டுப்பட்டு ஒரே இடத்துக்கு வருவதால்தான் சந்திப்பு நடக்கிறது.

சந்திப்பு நடந்துவிட்டால் முடிச்சு மாறத் தொடங்கும். வெளிவாசல் கொஞ்ச நேரம் அடைபடும். உள்ளே வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பொருந்திய டி செல் பிரிந்து பெருகும். பி செல் வட்டத்துக்குள் சில நாளில் வெளிறிய நடுப்பகுதி ஒன்று தோன்றும். ஜெர்மினல் சென்டர் என்று நாங்கள் சொல்லும் முளைமையம் அது. உடம்பில் நடக்கும் காரியங்களில் எனக்கு மிகவும் வியப்பானது இங்கேதான் நடக்கிறது. பி செல்கள் பெருகும்போது வேண்டுமென்றே தம் எதிர்ப்பொருள் (கிருமித் துணுக்கைப் பிடிக்கும் புரதம்) மரபணுவில் பிழைகளைப் புகுத்திக்கொள்கின்றன. பெரும்பாலான பிழை உதவாது. ஒன்றிரண்டு, கிருமித் துணுக்கை முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும். இறுக்கமாகப் பிடித்தவை டி செல்லின் ஒப்புதல் வாங்கி மறுசுற்றுக்குப் போகும், மற்றவை அங்கேயே சாகும். செத்ததை விழுங்கிய பெருவிழுங்கு செல்கள் வயிற்றில் நீலத் துகள்களோடு ஸ்லைடில் அங்கங்கே தெரியும். செல் பிரிதலுக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்த வால்தர் ஃபிளெமிங்தான் 1880களில் முளைமையத்தையும் இந்தத் துகள்களையும் விவரித்தவர். அவர் அந்த இடத்தில் லிம்ஃபோசைட்டுகள் பிறக்கின்றன என்று நினைத்தார். தேர்வு நடக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆயா தடவிப் பார்த்த நெறி இதுதான். மலைப்பாதையில் தேனும் மிளகும் விற்கும் கடைகளில் இப்போதெல்லாம் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று எழுதிய டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள். வலிக்கிற நெறியோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு பூஸ்ட் எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது. அவனுக்கு வேண்டியது முள்ளை எடுப்பது. தேனைத் தேனுக்காகவே வாங்கலாம், நன்றாகத்தான் இருக்கும்.

டென்ட்ரைட்டிக் செல்லைக் கண்டுபிடித்த கதையும் ஒரு புறநிலை உறுப்பில்தான் தொடங்குகிறது. 1973ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், ஸான்வில் கோன் இருவரும் எலியின் மண்ணீரலில் கிளை விரித்த ஒரு புதுச் செல்லைப் பார்த்து எழுதினார்கள். ரொம்ப நாள் பலரும் நம்பவில்லை. ஸ்டைன்மனுக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது தன் சொந்த டென்ட்ரைட்டிக் செல்களை வைத்தே சோதனைச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். அக்டோபர் 3 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், இறந்தது தெரியாமல். இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்ற விதி இருந்தும் பரிசு அவருக்கே நின்றது.

நெறி ஒரு முகவரி என்பதால் அதைப் பின்னோக்கியும் படிக்கலாம். மலையோர ஊர்களில் ஒரு காய்ச்சல் இருக்கிறது, ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் ஒருவகைப் பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு விழும். வலிக்காது, அரிக்காது, இடுப்பு மடிப்பிலோ மார்புக்கு அடியிலோ ஒளிந்திருக்கும், நோயாளிக்கே தெரியாது. எந்தப் பக்கம் நெறி கட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த நெறியின் எல்லைக்குள் பொருக்கைத் தேடும் டாக்டர் பாதி வேலையை முடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் குணமாகும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போகும்.

இடது கழுத்தெலும்புக்கு மேலே கட்டும் நெறி இன்னொரு வகை. வயிற்றிலிருந்து வரும் நிணநீரும் அந்தப் பக்கமாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் வயிற்றில் எந்தத் தொந்தரவும் காட்டாமல் அங்கே கல்லுப்போல் வந்து உட்காரும். விர்கோ முடிச்சு என்று பெயர். மார்பகப் புற்றுநோயில் கட்டியைச் சுற்றி நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றி, அக்குளில் முதலில் நீலமாகும் முடிச்சை மட்டும் எடுத்து எங்களுக்கு அனுப்புவதும் இதே கணக்கில்தான். அதில் புற்றுச் செல் இல்லையென்றால் மற்ற முடிச்சுகளை விட்டுவைக்கலாம். கை வாழ்நாளெல்லாம் வீங்கிக் கிடக்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை.

முகவரி இல்லாத கிருமி ரத்தத்தில் நேராக இறங்கினால் அதைப் பார்த்துக்கொள்வது மண்ணீரல். இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம். இதற்குள் நிணநீர்க் குழாய் எதுவும் வருவதில்லை, ரத்தம் மட்டும்தான். அதற்குள் சிவப்புக் கூழ் என்ற பகுதியில் ரத்த அணுக்கள் குறுகிய சந்துகள் வழியே நெளிந்து போக வேண்டும். 120 நாள் ஓடிக் களைத்துப்போன சிவப்பணு நெளிய முடியாமல் மாட்டிக்கொண்டு விழுங்கப்படும். மலேரியா புகுந்த அணுவுக்கும் அதே கதி, அதனால்தான் மண்ணீரல் வீங்கும். 1840களில் வட இந்தியக் கால்வாய்ப் பாசன ஊர்களில் டெம்ப்ஸ்டர் என்ற டாக்டர் ஊராரின் வயிற்றைத் தடவி எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணினார். கொசுவுக்குப் பங்கு உண்டு என்று தெரிவதற்கு அரை நூற்றாண்டு முன்பே மலேரியாவை அளக்க அது ஒரு கோலாகிவிட்டது. சிறு தமனிகளைச் சுற்றி உறையாகப் படிந்திருக்கும் வெள்ளைக் கூழ் என்ற இன்னொரு பகுதியில், முடிச்சில் நடக்கும் அதே சந்திப்பு நடக்கிறது.

பெரியப்பாவின் பேரன் பைக்கில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் சறுக்கி, மண்ணீரல் கிழிந்து, உயிர் பிழைக்க அதை எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் எல்லோரும் ‘அது இல்லாமலும் வாழலாமாம்’ என்று நிம்மதியானார்கள். வாழலாம்தான். ஆனால் நிமோகாக்கஸ் போல வழுக்கும் சர்க்கரை உறை போட்ட பாக்டீரியாக்களைப் பிடிக்க மண்ணீரலின் ஓரப்பகுதி பி செல்களும் அங்கேயுள்ள பெருவிழுங்கு செல்களும் தேவை. அவை இல்லாதவருக்குக் காலையில் வந்த காய்ச்சல் இரவுக்குள் உயிரை எடுக்கலாம். 1952ல் அமெரிக்காவில் ஹரால்ட் கிங், ஹாரிஸ் ஷூமேக்கர் என்ற இருவர் மண்ணீரல் எடுத்த பச்சைக் குழந்தைகளுக்கு வந்த கடும் கிருமித்தாக்கை எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) என்ற பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகள் போட வேண்டும். அவசர ஆபரேஷன் என்றால் சுமார் இரண்டு வாரம் கழித்து. அவனை டிஸ்சார்ஜ் செய்த சீட்டில் அது ஒரு ஓரத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. அவன் ரத்தத்தை எங்கள் லேபில் பூசிப் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் ஹோவெல்-ஜாலி துகள் என்ற கருநீலப் புள்ளிகள். மண்ணீரல் இருந்தால் கிள்ளி எடுத்துப் போட்டிருக்கும் உட்கரு மிச்சங்கள் அவை. பெயர் தெரியாத ஆளின் ரத்தப் பூச்சிலும் அந்தப் புள்ளியைப் பார்த்தால் ‘மண்ணீரல் எடுத்தவரா?’ என்று நாங்கள் கேட்போம்.

குடலைப் பற்றிச் சுருக்கமாக. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள பேயர் திட்டுகளை சுவிட்சர்லாந்துக்காரர் யோஹான் பேயர் 1677ல் விவரித்தார். அவற்றின் மேல்விரிப்பில் எம் செல்கள் என்று சில உண்டு. குடலுக்குள் இருப்பதைச் சாம்பிள் எடுத்து உள்ளே தருவதே அவற்றின் வேலை. டைபாய்டு பாக்டீரியா அந்த வாசலையே பயன்படுத்தி உள்ளே வருகிறது. மூன்றாவது வாரத்தில் டைபாய்டு குடலைத் துளைப்பதும் சரியாக அந்தத் திட்டுகளின் மேல்தான். டான்சில் இதே வேலையைத் தொண்டையில் பார்க்கிறது, குடல்வால் பெருங்குடலின் தொடக்கத்தில்.

நான் வெட்டுகிற கழுத்து முடிச்சுகளில் அடிக்கடி தென்படுவது காசநோய். பழைய ஆட்கள் கண்டமாலை என்பார்கள். வெட்டும்போதே கத்திக்குத் தெரியும், உள்ளே வெண்மஞ்சளாக உதிரும். மைக்ராஸ்கோப்பில், ஓரத்தில் உட்கருக்களை லாடம்போல் அடுக்கிய ராட்சதச் செல்கள் நிற்கும். அதை விவரித்தவர் தியோடர் லாங்ஹான்ஸ். தோலில் உள்ள டென்ட்ரைட்டிக் வகைச் செல்லை முதலில் பார்த்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். இரண்டும் 1868ல். இந்த இரண்டு பெயரையும் குழப்பாத டெக்னீஷியனை நான் பார்த்ததில்லை.

இதில் எனக்கு ஒரு நெடுநாள் ஆதங்கம் உண்டு. வெட்டிய முடிச்சை அப்படியே முழுதாக ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலின் திசுவைக் காப்பாற்றும், கிருமியைக் கொன்றுவிடும். ஸ்லைடில் காசநோய் மாதிரி இருக்கிறது என்று நாங்கள் சொல்லலாம். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சொல்ல உயிருள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், கல்ச்சர் என்பது அதைத்தான். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனைக்கும் ஃபார்மலின் படாத துண்டுதான் நல்லது. தியேட்டரிலேயே முடிச்சை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சலைனில் போட்டு அன்றைக்கே மைக்ரோபயாலஜிக்குக் கொடுத்திருந்தால் போதும். அது நடக்காததால் இரண்டாவது முறை கழுத்தில் கத்தி வைத்துக்கொண்ட நோயாளிகள் உண்டு. நம் ஊரில் டப்பாவை லேபுக்குத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் நோயாளியின் அண்ணனோ மாமனோதான். நர்ஸ் கையிலிருந்து டப்பாவை வாங்கும்போது, “கல்ச்சருக்குத் தனியா எடுத்து வச்சிட்டீங்களா சிஸ்டர்?” என்று ஒரு வார்த்தை அவர்கள் கேட்கலாம்.